அணுக்கருவை அமுக்கினால் அமுங்குமா?

தமிழக எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி கேரளாவின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போனால் கடைப் பலகையில் எழுத்து மாறும், பேச்சு மாறாது. இரண்டு பக்கமும் தென்னை, இரண்டு பக்கமும் தமிழ். அங்கே தமிழ் மீடியம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். அதில் ஒரு பையனின் அப்பா நார் மில் வைத்திருக்கிறார். மட்டையை அடித்து நார் பிரித்த பிறகு மிஞ்சுகிற பழுப்புத் தூளை இங்கே பித் என்பார்கள். அதைக் களத்தில் காயவைத்து, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் கொட்டி, ஐந்து கிலோ கட்டியாக அடிப்பார்கள். மூன்று குடம் நிறையும் தூள், பிரஸ் ஒருமுறை இறங்கி ஏறினால் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளும் அளவுக்கு ஆகிவிடும்.

அந்த பிரஸ் பக்கத்தில் நின்றுகொண்டுதான் பையன் கேட்டான்: “சார், நியூட்ரான் நட்சத்திரத்தை இதுக்கு மேல அமுக்கவே முடியாதாம். வீடியோல சொன்னாங்க. நெசமுங்களா?”

நான் வாய் திறக்கும் முன்பே அவன் அப்பா சொன்னார்: “எதா இருந்தாலும் ஒரு அளவுக்குத்தான் அமுங்கும் கண்ணு. அப்புறம் மிஷின்தான் உடையும்.”

அவர் சொன்னதில் பாதி இயற்பியல் இருக்கிறது. மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன். நியூட்ரான் நட்சத்திரம் என்பது பெரிய நட்சத்திரம் வெடித்த பிறகு மிஞ்சும், அணுக்கருவைப் போல அடர்த்தியான உருண்டை. அதனால் அணுக்கருவிலிருந்தே தொடங்குகிறேன். இந்த விஷயத்தைப் பேசும்போது அடர்த்தியையும் கடினத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அணுக்கரு பயங்கர அடர்த்தியானது, அதனால் அது அமுங்காது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். முதல் பாதி சரி. ‘அதனால்’ என்ற சொல்தான் தப்பு.

## இடைவெளியை எடுப்பது வேறு, பொருளை அமுக்குவது வேறு

பிரஸ்ஸில் உண்மையில் என்ன நடக்கிறது? தூளுக்கும் தூளுக்கும் நடுவிலும், தூளின் நுண்துளைகளுக்குள்ளும் இருந்த காற்று வெளியேறுகிறது. பித்தின் சொந்தப் பொருள் அப்படி ஒன்றும் சுருங்கிவிடவில்லை. கட்டியை வாளித் தண்ணீரில் போட்டால் மறுபடி உப்பிப் பழையபடி குவியலாகிவிடுகிறதே, அதிலேயே தெரியும்.

அணுவும் பித் குவியல் மாதிரிதான். நடுவில் அணுக்கரு, அதைச் சுற்றி எலக்ட்ரான்கள். அணுவின் அகலம் கருவின் அகலத்தைப் போல பல்லாயிரம் மடங்கு. நடுவில் அவ்வளவு வெற்றிடம். 1911-இல் ரூதர்ஃபோர்ட் இதைச் சொன்னபோதுதான் திடப்பொருள் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது எவ்வளவு காலியானது என்று உலகத்துக்குத் தெரிந்தது.

கருவுக்குள் போனால் கதை மாறுகிறது. அங்கே இருப்பவை புரோட்டான்களும் நியூட்ரான்களும். இரண்டுக்கும் சேர்த்து நியூக்ளியான் என்று பெயர். ஒரு நியூக்ளியானின் ஆரம் 1 ஃபெம்டோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மில்லிமீட்டரை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்குதான் ஃபெம்டோமீட்டர். கருவுக்குள் ஒரு நியூக்ளியானின் மையத்துக்கும் அடுத்ததன் மையத்துக்கும் சராசரியாக 1.8 ஃபெம்டோமீட்டர். ஏறக்குறையத் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. வெளியேற்றுவதற்குக் காற்று மாதிரி எதுவும் இல்லை. இதற்கு மேல் அமுக்கினால் அதுதான் உண்மையான அமுக்கம்.

அடர்த்தியையும் சொல்லிவிடுகிறேன். கருவுக்குள் இருக்கும் பொருளில் ஒரு கன சென்டிமீட்டர் எடுத்தால் 27 கோடி டன் வரும். ஒரு டீஸ்பூன் 135 கோடி டன். வீடியோக்களில் வருகிற ‘ஒரு ஸ்பூன் நட்சத்திரம்’ கணக்கு இதுதான்.

## பெரிய கரு, சின்னக் கரு, ஒரே அடர்த்தி

அலுமினியக் கருவில் 27 நியூக்ளியான்கள், ஈயக் கருவில் 208. கிட்டத்தட்ட எட்டு மடங்கு. இவ்வளவு பேர் உள்ளே இருந்தால் ஒருவரை ஒருவர் இழுத்து ஈயக் கரு நெரிசலாகிவிடும் என்றுதானே நினைப்போம்? அப்படி ஆவதில்லை. ஈயக் கருவின் ஆரம் அலுமினியத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆரம் இரண்டு மடங்கானால் பருமன் எட்டு மடங்கு. ஆக, இடமும் எட்டு மடங்கு, ஆளும் எட்டு மடங்கு. அடர்த்தி மாறவில்லை.

தண்ணீரும் இப்படித்தான். சொட்டு எடுத்தாலும் குடம் எடுத்தாலும் ஒரே அடர்த்தி. இதைப் பார்த்துத்தான் கருவை ஒரு திரவத் துளியாக எண்ணிப் பார்க்கும் வழியை இயற்பியலாளர் காமோவ் தொடங்கிவைத்தார். 1935-இல் வைட்சேக்கர் அதை ஒரு சூத்திரமாக்கினார்.

காரணம், அணுக்கரு விசைக்குக் கை நீளம் ரொம்பக் குறைவு. ஒரு நியூக்ளியானுக்குப் பக்கத்து ஆட்களை மட்டும்தான் தெரியும். நாலு வீடு தள்ளி இருப்பவரோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கூட்டம் பெருத்தாலும் ஒவ்வொன்றுக்கும் அண்டை வீடுகளின் எண்ணிக்கை அதேதான். இப்படிக் கரு வந்து நிற்கும் அந்த அடர்த்திக்கு நிறைவு அடர்த்தி என்று பெயர்: ஒரு கன ஃபெம்டோமீட்டருக்கு 0.16 நியூக்ளியான்.

இதுவரை பார்த்தது: கருவுக்குள் இடைவெளி இல்லை. எந்தக் கருவை எடுத்தாலும் உள்ளே ஏறக்குறைய ஒரே அடர்த்தி. இயற்கை தானாகத் தேர்ந்தெடுத்த அடர்த்தி அது.

## எது அமுங்கவிடாமல் தடுக்கிறது?

தேர்ந்தெடுத்தது என்றால், அதைவிடக் கூடினாலும் நஷ்டம், குறைந்தாலும் நஷ்டம் என்று அர்த்தம். நியூக்ளியான்கள் ஒன்றையொன்று இழுக்கின்றன. விலக்கிப் பிரிக்கப் போனால் அந்த இழுப்போடு மல்லுக்கு நிற்க வேண்டும். நெருக்கப் போனால் இரண்டு தடைகள் வரும். ஒன்று, அரை ஃபெம்டோமீட்டருக்குள் வந்துவிட்டால் அதே அணுக்கரு விசை தள்ளும் விசையாக மாறிவிடுகிறது. இரண்டாவது, பௌலியின் தவிர்க்கைத் தத்துவம். ஒரே வகை நியூக்ளியான்கள் இரண்டு ஒரே நிலையில் இருக்க முடியாது என்கிறது அந்த விதி. இடத்தைச் சுருக்கச் சுருக்க, நியூக்ளியான்கள் இன்னும் வேகமாக ஓடும் நிலைகளுக்கு ஏறியே ஆக வேண்டும். அந்த ஓட்டமே வெளிப்பக்கம் அழுத்தம் கொடுக்கும்.

இழுப்பும் தள்ளலும் சமமாகும் இடத்தை ஒரு பாத்திரத்தின் அடிப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோலிக்குண்டைப் போட்டால் அடியில் போய் நிற்கும். உருளியில் போட்டாலும் நிற்கும், சின்னச் சங்கில் போட்டாலும் நிற்கும். ஆனால் உருளியில் குண்டை ஒரு விரல் அளவு நகர்த்துவது சுலபம், அடி அகலமாக விரிந்திருக்கிறது. சங்கில் அதே ஒரு விரலுக்கு நிறைய மேலே ஏற்ற வேண்டும். அடி எங்கே இருக்கிறது என்பது அடர்த்தி. அடி எவ்வளவு செங்குத்தாக வளைகிறது என்பது கடினம். இரண்டும் வேறு வேறு சமாச்சாரம். வீடியோக்காரர்கள் விட்டுவிட்ட இடம் இதுதான்.

## K என்ற எண்ணும் அதன் பெயர்க் குழப்பமும்

அந்த வளைவை அளக்கும் எண்ணுக்கு அமுங்காமை எண் என்று பெயர் வைத்துக்கொள்வோம். குறியீடு K. அலகு மெகா எலக்ட்ரான் வோல்ட்: ஒரு எலக்ட்ரான் 10 லட்சம் வோல்ட்டைக் கடந்தால் பெறும் ஆற்றல் அது. இன்று பொதுவாக ஏற்கப்படும் மதிப்பு சுமார் 240, இருபது கூடவோ குறையவோ இருக்கலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் அமுக்கத்தன்மை என்பது பருமக் குணகத்தின், அதாவது அமுங்குவதைப் பொருள் எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவின், தலைகீழ். அது அதிகமானால் பொருள் மெத்து. அணுக்கரு இயற்பியலில் பழைய கட்டுரைகள் பலவும் K-யையே அமுக்கத்தன்மை என்று எழுதிவிட்டன. ஆனால் K அதிகமானால் பொருள் கடினம். ஒரே சொல், நேரெதிர் பொருள். பிள்ளைகள் இதில் தடுக்கி விழுவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அமுங்காமை என்ற சொல்லை விடாமல் பிடித்துக்கொள்கிறேன்.

சரி, 240 என்பது கடினமா மெத்தா? முதலில் நம் உலகத்து அளவுகோலால் பார்ப்போம். தண்ணீரை ஒரு சதவீதம் அமுக்க, நம் தலைமேல் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல சுமார் 220 மடங்கு அழுத்தம் வேண்டும். அணுக்கருப் பொருளை அதே ஒரு சதவீதம் அமுக்க, தண்ணீருக்குத் தேவைப்பட்டதைப் போல 3-க்குப் பின்னால் 23 பூஜ்யம் போட்ட அத்தனை மடங்கு. இப்படிச் சொன்னால் யாருக்கும் மூச்சு நின்றுவிடும். அமுங்கவே அமுங்காது என்று சொல்லத்தான் தோன்றும்.

இப்போது அதனதன் சொந்த அளவுகோலால் பார்ப்போம். இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. பிள்ளைகளைப் போர்டில் போடவைப்பேன். அணுக்கருப் பொருளில் ஒரு நியூக்ளியானைக் கட்டிவைத்திருக்கும் ஆற்றல் சுமார் 16 மெகா எலக்ட்ரான் வோல்ட். K 240 என்றால், அடர்த்தியைப் பத்து சதவீதம் கூட்ட ஒரு நியூக்ளியானுக்கு ஆகும் செலவு 0.13 மெகா எலக்ட்ரான் வோல்ட்தான். கட்டிவைத்திருக்கும் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, 0.8 சதவீதம்.

தண்ணீருக்கு அதே கணக்கைப் போடுங்கள். ஒரு மூலக்கூறைக் கட்டிவைத்திருப்பதை ஆவியாக்கத் தேவையான வெப்பத்திலிருந்து எடுக்கலாம், சுமார் 0.42 எலக்ட்ரான் வோல்ட். பத்து சதவீதம் நெருக்க ஆகும் செலவை பருமக் குணகத்திலிருந்து எடுத்தால் 0.002 எலக்ட்ரான் வோல்ட். விகிதம் அரை சதவீதம்.

0.8-உம் 0.5-உம்! ஒன்று குடத்தில் இருக்கும் தண்ணீர், இன்னொன்று கன சென்டிமீட்டருக்கு 27 கோடி டன். தன்னைத்தானே பிடித்துவைத்திருக்கும் பலத்தோடு ஒப்பிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு மெத்து. திரவத் துளி என்று அந்தக் காலத்தில் சொன்னது வெறும் உவமை இல்லை என்று இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

இதுவரை பார்த்தது: அடர்த்தி என்பது பாத்திரத்தின் அடி இருக்கும் இடம், K என்பது அடியின் வளைவு. நம் கைக்கு அணுக்கரு அசையாத மலை. அதன் சொந்தக் கணக்கில் அது தண்ணீர் மாதிரி ஒரு திரவம்.

## தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வது

எந்த பிரஸ்ஸிலும் வைக்க முடியாத ஒன்றின் கடினத்தை எப்படி அளந்தார்கள்? எங்கள் ஊரில் தேங்காய் வாங்க வருகிற வியாபாரி செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். அவர் காயை உடைப்பதில்லை. இரண்டு காயை மோதவிட்டுக் காதைக் கொடுப்பார். கணீரென்றால் ஒரு பக்கம், மந்தமாக இருந்தால் இன்னொரு பக்கம். கை ஓடிக்கொண்டே இருக்கும், காதுதான் பிரிக்கும்.

கருவைத் தட்ட ஆல்ஃபா துகள் நல்ல கோல். இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்த ஹீலியம் கரு அது. அதை வேகப்படுத்தி ஈயத்தின் மேல் விட்டால், சில மோதல்களில் ஈயக் கரு முழுசாக விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி அதிர்கிறது. நெஞ்சு மூச்சு வாங்குவது போல எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில். மூச்சு அதிர்வு என்றே இதற்குப் பெயர். ஆல்ஃபா துகள் எவ்வளவு ஆற்றலை விட்டுவிட்டு வெளியே வருகிறது என்று பார்த்தால் அதிர்வின் சுருதி தெரிந்துவிடும். கடினமான ஸ்பிரிங் வேகமாக அதிரும், மெத்தானது மெதுவாக அதிரும். சுருதி கிடைத்தால் K-க்கு வழி கிடைத்தது.

1977-இல் அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்திலும், நெதர்லாந்தில் குரோனிங்கனிலும் இந்த அதிர்வைத் தெளிவாகப் பிடித்தார்கள். பிடிப்பது சுலபமாக இல்லை. வேறு வகை அதிர்வுகளும் அதே சுருதிப் பக்கத்தில் ஒலிக்கும். ஆல்ஃபா துகள் வந்த திசையிலேயே, கிட்டத்தட்ட வளையாமல் வெளியேறுவதைப் பார்த்தால்தான் மூச்சு அதிர்வு தனியாகத் தெரியும். ஆனால் அங்கேதான் மோதாத ஆல்ஃபாக் கற்றையும் வந்து விழுகிறது. மேளச் சத்தத்துக்கு நடுவில் ஒரே ஒரு சலங்கையைக் கேட்பது போன்ற வேலை.

ஈயத்துக்கு அந்தச் சுருதி சுமார் 14 மெகா எலக்ட்ரான் வோல்ட். அதிர்வெண்ணாக மாற்றினால் ஒரு நொடிக்கு 3.4-ஐ 1-க்குப் பின்னால் 21 பூஜ்யம் போட்ட எண்ணால் பெருக்கிய அத்தனை மூச்சு. அதுவும் நீடிக்காது, ஒருசில மூச்சிலேயே அடங்கிவிடும்.

## கோட்பாட்டாளர்களுக்கு இதில் என்ன வேலை?

சுருதி கிடைத்த உடனே K கிடைத்துவிடும் என்றால் கோட்பாட்டு ஆய்வே தேவைப்பட்டிருக்காது. நமக்கு வேண்டியது அணுக்கருப் பொருளின் K. அணுக்கருப் பொருள் என்பது ஒரு கற்பனைச் சரக்கு: எல்லையே இல்லாமல் பரந்திருக்கும், புரோட்டானும் நியூட்ரானும் சரிபாதி, மின் விலக்கல் கிடையாது. நிஜ ஈயக் கருவுக்கு மேற்பரப்பு உண்டு, 82 புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன, நியூட்ரான்கள் 126 என்று கூடுதலாக இருக்கின்றன. துளியின் சத்தத்தைக் கேட்டுக் கடலின் குணத்தைச் சொல்ல வேண்டும்.

அதனால் சுற்றுவழியில் போகிறார்கள். நியூக்ளியான்களுக்கு நடுவில் உள்ள விசைக்கு ஒரு மாதிரி வைத்துக்கொள்வது. அந்த மாதிரியை வைத்து கற்பனைப் பொருளின் K-யைக் கணக்கிடுவது. அதே மாதிரியை வைத்து நிஜ ஈயத்தின் சுருதியையும் கணக்கிடுவது. சுருதி அளந்ததோடு பொருந்தினால் அந்த மாதிரியின் K-யை நம்பலாம். பொருந்தாவிட்டால் மாதிரியைத் திருத்த வேண்டும். 1950-களில் ஸ்கைர்ம் எழுதிய எளிய விசை மாதிரி 1970-களில் இப்படித்தான் பெரும் வேலைக்கருவியானது. 1974-இல் வலேக்கா கொடுத்த சார்பியல் மாதிரி அழகானது, ஆனால் அதன் K 500-ஐத் தாண்டியது. பொருள் நிஜத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் கடினமாகிவிட்டது. மூன்று வருஷம் கழித்து போகுட்டாவும் போட்மரும் அதன் சமன்பாட்டில் புது உறுப்புகளைச் சேர்த்து K-யை இறக்கினார்கள். 1980-இல் பிளேஸோ 210 என்றார், முப்பது முன்னே பின்னே. 1999-இல் டெக்சாஸ் குழு நான்கு கருக்களின் சுருதியை வைத்து 231 என்றது.

அப்புறம் வந்தது வெள்ளீயம். ஜப்பானில் ஒசாகாவில் வெள்ளீயத்தின் பல ஐசோடோப்புகளை, அதாவது நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் மாறும் வகைகளை, வரிசையாகத் தட்டிப் பார்த்து 2007-இல் வெளியிட்டார்கள். ஈயத்துக்கு அச்சாகப் பொருந்திய மாதிரிகள் வெள்ளீயத்துக்குச் சுருதியைக் கூட்டிச் சொன்னன. சிலவற்றில் வித்தியாசம் 1 மெகா எலக்ட்ரான் வோல்ட்டை நெருங்கியது. வெள்ளீயம் ஏன் இவ்வளவு மெத்து என்ற கேள்வி அன்றிலிருந்து இந்தத் துறையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. K-யைச் சொல்லும்போது பக்கத்தில் இருபது கூட, இருபது குறைய என்று போடுவதற்கு இந்த மாதிரி முடிச்சுகளும் காரணம். நேர்மையான எண் அப்படித்தான் இருக்கும்.

## பையனின் நட்சத்திரம்

இப்போது அவன் கேள்விக்கு வருகிறேன். பெரிய நட்சத்திரம் ஒன்றின் எரிபொருள் தீர்ந்ததும் அதன் இரும்புக் கருப்பகுதி தன் கனத்தாலேயே சரிகிறது. அணுக்கரு அடர்த்தியை எட்டியதும் நிற்பதில்லை. தாண்டி அமுங்குகிறது, பிறகு மீண்டு எகிறுகிறது. அந்த எகிறலில்தான் அதிர்ச்சி அலை பிறக்கிறது. பொருள் கொஞ்சம் மெத்தாக இருந்தால் ஆழமாக அமுங்கி பலமாக எகிறும், அந்த ஒரே அடியில் நட்சத்திரம் வெடித்துவிடுமா என்று 1980-களில் தீவிரமாகக் கணக்குப் போட்டார்கள். இப்போதைய பதில், அலை பாதி வழியில் தேங்கிவிடுகிறது, நியூட்ரினோக்கள் என்ற, எதிலும் எளிதில் மோதாத நுண்துகள்கள் கொடுக்கும் வெப்பம்தான் அதை மறுபடி தூக்கிவிடுகிறது என்பது. பக்கத்து விண்மீன் மண்டலத்தில் நடந்த ஒரு வெடிப்பிலிருந்து கிளம்பிய அப்படிப்பட்ட நியூட்ரினோக்கள் 1987 பிப்ரவரியில் இங்கே வந்து சேர்ந்து ஜப்பானின் காமியோகாண்டே கருவியில் பதிவாயின.

வெடிப்புக்குப் பின் மிஞ்சும் நியூட்ரான் நட்சத்திரத்தின் நடுவில் அடர்த்தி, கருவின் நிறைவு அடர்த்தியைப் போலப் பல மடங்கு. ஆக, அமுங்கும், அமுங்கியிருக்கிறது. ஆனால் அங்கே K-யை மட்டும் வைத்துக்கொண்டு பேசக் கூடாது. K சொல்வது பாத்திரத்தின் அடி வளைவை. நட்சத்திரத்தின் நடு, பாத்திரத்தின் விளிம்புக்கு மேலே எங்கேயோ இருக்கிறது. அங்கே பெரும்பாலும் நியூட்ரான்கள் வேறு. அந்த உயரத்தை வேறு வழிகளில் பார்க்கிறார்கள். 2010-இல் சூரியனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நிறையுள்ள நியூட்ரான் நட்சத்திரம் ஒன்று உறுதியானது. பொருள் ரொம்ப மெத்தாக இருந்திருந்தால் அந்தக் கனத்தை அது தாங்கியிருக்காது, கருந்துளையாகச் சரிந்திருக்கும். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய ஈர்ப்பலை வந்து சேர்ந்தது. மோதும் முன் அவை ஒன்றையொன்று எவ்வளவு உருக்குலைத்தன என்பதைப் பார்த்தால், ரொம்பக் கடினமான பொருளுக்கும் இடமில்லை.

போன வாரம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, பையனின் அப்பா சொன்னதையும் போர்டில் எழுதினேன். ஒரு அளவுக்குத்தான் அமுங்கும், அப்புறம் மிஷின் உடையும். நட்சத்திரத்தில் பிரஸ் என்பது ஈர்ப்பு விசை, அது உடைவதில்லை. அப்படியென்றால் எது உடையும் என்று வகுப்பில் கேட்டேன். பின் பெஞ்சில் இருந்த பெண் எழுந்து, “நியூட்ரானே உடையுமுங்களா சார்?” என்றாள். அப்படி உடைந்து உள்ளிருக்கும் குவார்க்குகள் வெளிப்படுமா என்பதைத்தான் இன்று அந்தத் துறையில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.